ஒளியைப் பின்னிய கைகள்: லேஸ் வரலாற்றில் நூலும் வெளிச்சமும்

துணியை நெய்துவிட்டு அதில் ஓட்டை போட்டால் அது கிழிசல். எங்கெங்கே ஓட்டை வரவேண்டும் என்று முதலிலேயே திட்டமிட்டு, அந்த ஓட்டையைச் சுற்றி நூலைப் பின்னினால் அது லேஸ். இதனால் லேஸுக்கு வெளிச்சம் மிகவும் முக்கியம். மேசையில் கிடக்கும் லேஸ் வெறும் நூல்தான். சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் அதில் இருக்கும் பூவும் இலையும் கண்ணுக்குத் தெரியும்.

2002ஆம் ஆண்டில் நெதர்லாந்து வடிவமைப்பாளர் நீல்ஸ் வான் எய்க் இந்த உறவைத் தலைகீழாகத் திருப்பினார். பருத்தி நூலுக்குப் பதிலாக, ஒளியைச் சுமந்து செல்லும் ஒளியிழையைக் கொண்டு பழைய பாபின் லேஸ் முறையில் ஒரு விளக்கை உருவாக்கினார். அந்த விளக்கில் பின்னலுக்குப் பின்னால் வெளிச்சம் வைக்கத் தேவையில்லை. பின்னலே வெளிச்சம்.

இது ஏதோ நவீன அலங்காரப் பொருள் என்று தாண்டிப் போய்விடலாம்தான். ஆனால் அந்த விளக்குக்குப் பின்னால் சுமார் 450 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை ஒரு கேள்வியோடு படித்தால் நல்ல பாடமாக அமையும். கேள்வி இதுதான்: லேஸ் ஒளிர்ந்தது, அதைப் பின்னியவர்களுக்கு வெளிச்சம் கிடைத்ததா?

ஒரு சொல்லின் பயணம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலாய்மொழியில் லேஸை ‘ரெண்டா’ என்கிறோம். தமிழில், குறிப்பாக இலங்கைத் தமிழில், ‘ரேந்தை’ என்ற சொல் உண்டு. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: போர்த்துகீசிய மொழியின் ‘ரெண்டா’. 16ஆம் நூற்றாண்டில் மலாக்காவுக்கும் இலங்கைக்கும் கப்பலில் வந்தவர்கள் பீரங்கியோடு இந்தச் சொல்லையும் இறக்கிவிட்டுப் போனார்கள். இலங்கையின் காலி, வெலிகம பகுதிகளில் திண்டும் மரக்குச்சியும் வைத்துப் பின்னும் ‘பீரலு’ லேஸ் இன்றும் உண்டு. கடன்சொல் பற்றிப் பாடம் நடத்தும்போது அலமாரி, சாவி, சன்னல் என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளையே சொல்கிறோம். ரேந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு மலாய்ச் சொல் தெரியும் என்பதால் சட்டென்று மனத்தில் பதியும்.

இருட்டில் பிறந்த வெண்மை

லேஸ் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்த கலை. வெனிஸ் நகரமும் இன்றைய பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியும் அதன் முதன்மை இடங்கள். வெனிஸில் 1557ஆம் ஆண்டிலேயே பாபின் லேஸ் வடிவங்களுக்கென்று அச்சுப் புத்தகம் வந்துவிட்டது.

லேஸில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, ஊசியும் ஒரே நூலும் கொண்டு தைத்துத் தைத்து உருவாக்கும் ஊசி லேஸ். இன்னொன்று பாபின் லேஸ். இதற்கு ஒரு கெட்டியான திண்டு வேண்டும். அதன்மேல் வடிவம் குத்திய அட்டையைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு நூலின் முனையும் பாபின் எனப்படும் சிறு மரக்குச்சியில் சுற்றப்பட்டிருக்கும். நான்கு குச்சிகளை எடுத்துக்கொண்டால், அடிப்படையில் இரண்டே அசைவுதான்: நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றுவது, பிறகு ஒவ்வொரு சோடியையும் முறுக்குவது. மாற்று, முறுக்கு, குண்டூசி குத்து. எத்தனை பெரிய வடிவமானாலும் இந்த எளிய அசைவுகளின் தொடர்ச்சிதான். கேட்க எளிது, இல்லையா? ஆனால் ஒரு அகலமான லேஸுக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் தேவைப்படும். ஒரு விரல் நீளம் வளர்வதற்கே மணிக்கணக்காகும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். மிக மெல்லிய ஆளிநூல் காய்ந்த காற்றில் அறுந்துபோகும். ஆகவே பிளாண்டர்ஸ், பிரபான்ட் பகுதிகளில் அதை ஈரமான நிலவறைகளில் நூற்றார்கள். இருட்டறைக்குள் ஒரே ஒரு ஒளிக்கீற்றை மட்டும் நூலின்மேல் விழச் செய்து, அந்தக் கீற்றில் நூலின் மென்மையைக் கண்ணால் அளந்தார்கள். அரசவைப் பிரபுக்களின் கழுத்தில் பளிச்சென்று தெரிந்த வெள்ளை லேஸின் நூல் இப்படித்தான் இருட்டில் பிறந்தது.

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர், பெட்போர்ட்ஷயர், நார்த்தாம்டன்ஷயர் மாவட்டங்களில் கதை வேறு விதம். அங்கே குளிர்கால மாலைகளில் ஒரே மெழுகுவத்தியைப் பல பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு முக்காலியின் நடுவில் மெழுகுவத்தி. அதைச் சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவைகள். குடுவை ஒரு குவிவில்லையைப் போல வேலை செய்து, மெழுகுவத்தியின் ஒளியைக் குவித்து ஒவ்வொரு பெண்ணின் திண்டின்மேலும் ஒரு சிறு வட்டமாக விழச் செய்யும். பெண்கள் வரிசை வரிசையாக அமர்வார்கள். முதல் வரிசைக்கு முதல் வெளிச்சம். அடுத்த வரிசைக்கு இரண்டாம் வெளிச்சம். கடைசி வரிசைக்கு மூன்றாம் வெளிச்சம். கைதேர்ந்தவர்களுக்கு முன்னிடம், மற்றவர்களுக்கு மங்கலான ஒளிதான்.

பின்னலில் கரி படியக் கூடாது என்பதால் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. தணல் போட்ட மண்சட்டியைக் காலடியில், பாவாடைக்கு அடியில் வைத்துக் குளிர்காய்ந்தார்கள். ‘லேஸ் பள்ளி’ என்ற பெயரில் நடந்த இடங்களில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நம் பழைய திண்ணைப் பள்ளியில் வாய்பாட்டைச் சேர்ந்து சொன்னதுபோல, அவர்கள் பாட்டுப் பாடிக் குண்டூசிகளை எண்ணினார்கள். பெயர்தான் பள்ளி, அங்கே நடந்தது பெரும்பாலும் வேலை. 1860களில் பிள்ளைகளின் வேலைநிலையை ஆராய்ந்த பிரிட்டிஷ் விசாரணை ஆணையம் இந்த லேஸ் பள்ளிகளையும் தன் அறிக்கைகளில் பதிவு செய்தது.

அதற்குள் இயந்திரமும் வந்துவிட்டது. 1809இல் ஜான் ஹீத்கோட் பாபின் வலையை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் ஜான் லீவர்ஸ் நாட்டிங்காமில் உருவாக்கிய இயந்திரம் பிற்பாடு வடிவங்களையும் நெய்யத் தொடங்கியது. 1816இல் ஹீத்கோட்டின் லாஃப்பரோ ஆலைக்குள் புகுந்த லுடைட்டுகள் 55 இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் ஆலையையே டிவர்ட்டன் ஊருக்கு மாற்றிக்கொண்டார். கைப்பின்னல் தொழில் தேய்ந்தது. 1840இல் விக்டோரியா அரசியார் தம் திருமணத்துக்குக் கையால் பின்னிய ஹோனிட்டன் லேஸை அணிந்தது, வேலை இழந்துகொண்டிருந்த டெவன் பகுதிப் பெண்களுக்குக் கொடுத்த ஆதரவாகவே பார்க்கப்பட்டது.

நாகர்கோவில்: பின்னல் வாங்கிக்கொடுத்த விடுதலை

அதே காலகட்டத்தில் இந்தக் கலை தமிழ் மண்ணிலும் கால்பதித்தது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவருடைய மனைவி மார்த்தா மால்ட் இருவரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. மார்த்தா பெண்பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளியில் 1820களின் தொடக்கத்திலேயே பாபின் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். பாட்டன் காலத்திலிருந்தே ஒரு குடும்பத்துக்குச் சொத்தாக எழுதப்பட்டவர்கள். நிலத்தோடு சேர்த்து அவர்களையும் விற்கலாம், வாங்கலாம். திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதே ஊரில், அதே ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலுடை அணியவே உரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிப்பது அதைத்தான். 1859இல்தான் அரசாணை வந்தது. அதாவது, தோளை மூட ஒரு முழத் துணிக்கே போராட வேண்டியிருந்த சமுதாயத்துப் பெண்கள், ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோளுக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் மணந்தது யாரைத் தெரியுமா? 1856இல் வெளிவந்த ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய இராபர்ட் கால்டுவெல்லை. எலைசா தம் அம்மாவிடம் கண்ட கலையைத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டுபோய், அங்குள்ள பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லின் பெயரை நம் மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். அவர் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொடுத்த கைத்தொழிலையும், அதைக் கற்ற கைகளையும் பற்றி எங்கும் எழுதுவதில்லை.

கண்ணாடியை நூலாக்கிய முயற்சி

நூலே மின்ன வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. பட்டுநூலின்மேல் தங்கத் தகடும் வெள்ளித் தகடும் சுற்றிச் செய்த இழையில் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே லேஸ் பின்னினார்கள். நம் புடவைச் சரிகையும் இதே நுட்பம்தான். ஆனால் சரிகை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தனக்குள் ஏற்றிச் செல்வதில்லை.

அடுத்த முயற்சி கண்ணாடி. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் லிபி கண்ணாடி நிறுவனம் கண்ணாடி இழையையும் பட்டையும் சேர்த்து நெய்த ஓர் ஆடையைக் காட்சிக்கு வைத்தது. அது நடிகை ஜார்ஜியா கேவனுக்காகச் செய்யப்பட்டது. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். உடுத்துவதற்கு மட்டும் அது ஏற்றதாக இல்லை. கனம் அதிகம், மடித்தால் இழை முறிந்துவிடும்.

ஒளி இழைக்குள் நுழைந்த கதை

ஒளியை வளைக்க முடியும் என்பதை முதலில் காட்டியது கண்ணாடி இல்லை, தண்ணீர். 1841இல் ஜெனீவாவில் டேனியல் கொலடோன், ஒரு தொட்டியிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். தண்ணீரோடு சேர்ந்து ஒளியும் வளைந்து போனது. 1854இல் இலண்டனில் ஜான் டிண்டால் இதையே மக்கள் முன் செய்து காட்டினார். லேஸ் பெண்கள் தண்ணீர்க் குடுவையால் ஒளியைக் குவித்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு அது.

இதன் அறிவியல் பெயர் முழு அக எதிரொளிப்பு. ஒளி அடர்த்தி மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளை நோக்கிச் சாய்வாகப் போகும்போது, குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும். ஒளியிழை இதற்காகவே இரண்டு அடுக்காகச் செய்யப்படுகிறது: ஒளி ஓடும் உள்ளகம், அதைவிட ஒளிவிலகல் எண் குறைந்த மேலுறை.

1954இல் இரண்டு முக்கியமான கட்டுரைகள் ‘நேச்சர்’ இதழில் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாரல்டு ஹாப்கின்ஸும் இழைக்கற்றை வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டினார்கள். மற்றொன்றில் நெதர்லாந்தின் வான் ஹீல், மேலுறை போட்டால் ஒளி ஓர் இழையிலிருந்து பக்கத்து இழைக்குத் தாவாது என்று விளக்கினார்.

ஆனாலும் தூரம் போக முடியவில்லை. அன்றைய கண்ணாடியில் சுமார் 20 மீட்டர் போவதற்குள் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். குறை கண்ணாடியில் உள்ள மாசுதான், அதை நீக்கினால் தொலைத்தொடர்புக்கே பயன்படுத்தலாம் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் எழுதினார்கள். 1970இல் கார்னிங் நிறுவனம், ஒரு கிலோமீட்டர் போன பிறகும் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஒளி மிஞ்சும் இழையைச் செய்து காட்டியது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீட்டு இணையப் பெட்டிக்கு வந்து சேரும் இழை இந்த வரிசையில் வந்ததுதான். இதே காலத்தில், 1960களில், விலை குறைந்த, எளிதில் முறியாத பிளாஸ்டிக் ஒளியிழையும் உருவானது. அலங்கார விளக்குகளுக்கும் பின்னல் வேலைக்கும் கைகொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

கசிவே கோலம்

சரி, இந்த இழையால் எல்லா லேஸையும் பின்ன முடியுமா? முடியாது. ஊசி லேஸில் ஒரே நூலைச் சின்னச் சின்ன முடிச்சாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒளியிழை அப்படி இறுகாது. பாபின் லேஸில் அப்படியில்லை. பல நூல்கள், தொடக்கம் முதல் முடிவுவரை அறுபடாமல் ஓடுகின்றன. ஒவ்வொரு நூலும் ஒரு தனிப் பாதை. எல்லா முனைகளையும் ஒரு கற்றையாகக் கட்டி, நறுக்கி, மெருகேற்றி, ஒரே எல்.இ.டி. விளக்கின் முன்னால் வைத்தால் போதும். எல்லாப் பாதைகளிலும் ஒளி ஓடும். நூல்கள் நூறு இடத்தில் குறுக்கே போனாலும் மேலுறை இருப்பதால் ஒன்றின் ஒளி மற்றொன்றுக்குள் போகாது. 16ஆம் நூற்றாண்டுப் பின்னல் முறை, யாரும் எதிர்பாராமலே, 20ஆம் நூற்றாண்டு இழைக்குப் பொருந்திப் போனது.

கைவேலை மட்டும் கடினமானது. பருத்தி நூல் சொன்னபடி கேட்கும். ஒளியிழை கம்பிபோல நிமிர்ந்துகொண்டே இருக்கும். கையை எடுத்தால் பின்னல் பிரிந்துவிடும். ஆகவே தடித்த ஊசிகளை ஆழமாகக் குத்தி, வடிவத்தைப் பெரிதாக்கி, இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். சிலர் பருத்தி நூலையும் கூட்டிப் பின்னி இழையை நிறுத்தி வைக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்று உண்டு. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் ஒளியிழையைச் சுமார் 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதற்கு மேல் வளைத்தால் எதிரொளிப்புக் கோணம் தவறி ஒளி பக்கவாட்டில் வெளியேறிவிடும். லேஸோ வளைவுகளாலேயே ஆனது. குண்டூசியைச் சுற்றி இழை திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி கசியும்.

தொலைத்தொடர்புப் பொறியாளருக்கு இது இழப்பு. காவோ தொடங்கி எத்தனையோ பேர் உழைத்தது இந்த இழப்பைக் குறைக்கத்தான். லேஸ் பின்னுகிறவருக்கு அதுவே கோலம். இழை நேராக ஓடும் இடம் இருண்டிருக்கும். வளையும் இடம் மினுங்கும். இன்னும் ஒளி வேண்டும் என்றால் உப்புத்தாளால் மேலுறையை லேசாகத் தேய்த்துவிடுவார்கள். தேய்த்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒளி வரும். எங்கே எவ்வளவு கசியவிட வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கசியவிட்டால் கடைசிப் பூவுக்கு ஒளி போய்ச் சேராது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒளியைப் பங்கிடும் அதே பழைய பிரச்சினை, இப்போது ஓர் இழைக்குள்ளேயே!

முடிவுரை

தேர்வுக்குப் படிக்கும்போது வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாகவே மனனம் செய்கிறோம். ஹீத்கோட், கபானி, காவோ என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தப் பெயர்கள் தேவைதான். ஆனால் அருங்காட்சியகங்களில் உள்ள லேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊர் தெரியும், நூற்றாண்டு தெரியும். பின்னியவர் பெயர் இல்லை. மூன்றாம் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும், காசு சேர்த்துத் தன்னையே மீட்டுக்கொண்ட நாகர்கோவில் பெண்ணுக்கும் பாடநூலில் ஒரு வரிகூட இல்லை.

நூலுக்குள்ளேயே வெளிச்சத்தைச் செலுத்த நாம் கற்றுக்கொண்டு சுமார் எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. மாற்று, முறுக்கு, குத்து என்ற அசைவுகளை அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இருட்டில் உட்கார்ந்து செம்மைப்படுத்தி நம் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். ஒளியிழை லேஸைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதினால், கண்டுபிடித்தவர் யார் என்பதோடு நிறுத்தாமல், பின்னியவர் யார், அவருக்கு எந்த வெளிச்சம் கிடைத்தது என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் வரலாற்றுப் பாடத்தின் வேலை.

கலைச்சொற்கள்

பாபின்: நூல் சுற்றிய சிறு மரக்குச்சி.
திண்டு: பின்னலைப் பொருத்தி வைக்கும் கெட்டியான தலையணை.
ஒளியிழை: ஒளியைத் தனக்குள் கடத்திச் செல்லும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழை.
மேலுறை: ஒளியை உள்ளகத்திலேயே தங்கவைக்கும் வெளி அடுக்கு.
முழு அக எதிரொளிப்பு: ஒளி வெளியேறாமல் உட்புறமாகவே முழுமையாகத் திரும்புதல்.

வகுப்பறை வினாக்கள் (படிவம் 4, 5)

1. ‘முதல் வெளிச்சம், மூன்றாம் வெளிச்சம்’ என்ற ஏற்பாடு அன்றைய வேலையிடத்தைப் பற்றி நமக்கு என்ன தெரிவிக்கிறது?
2. ஊசி லேஸைவிடப் பாபின் லேஸ் ஒளியிழைக்குப் பொருத்தமானது. இரண்டு காரணங்கள் தருக.
3. நாகர்கோவில் லேஸ் வெறும் கைத்தொழில் அன்று. சமூக மாற்றத்தின் கருவி. கட்டுரையில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.
4. ‘ஒருவருக்கு இழப்பாக இருப்பது இன்னொருவருக்குப் பயனாகலாம்.’ ஒளியிழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 180 சொற்களுக்குக் குறையாமல் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.